அம்மாவின் பெயர் ஏன் பட்டியலில் இல்லை: ஒரு செக்ரோல் கிளாக்கரின் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் வாசிப்பார்கள். கொரோனா நேரத்தில் உங்கள் அம்மா ஒரு நாள் கூட நிற்காமல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போயிருக்கிறார். அண்ணி அரசாங்கப் பாடசாலை டீச்சர், பாடசாலை மூடிக்கிடந்த மாதங்களிலும் அவருக்குச் சம்பளம் வந்தது. அப்புறம் பாராட்டு விழா வைத்தபோது ஆஸ்பத்திரி ஆட்களுக்கும் பொலிஸுக்கும் பொன்னாடை, தோட்டத்து ஸ்டாப்புக்குச் சான்றிதழ், அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. இத்தனை வருடம் ஆகியும் அம்மா அதைச் சொல்லிக் காட்டுகிறார், அண்ணி சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போகிறார். இது பொறாமையா, நியாயமான கோபமா, நான் யார் பக்கம் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்கு நான் பதில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2020, 2021 இரண்டு வருடமும் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்துக் காரியாலயத்தில் செக்ரோல் கிளாக்கராக இருந்தேன். யார் வேலைக்கு வந்தார், யாருக்கு முழுப் பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப் பேர் (அதில் பாதி), எத்தனை கிலோ, கைக்காசு எவ்வளவு என்று நாள்தோறும் எழுதுகிற வேலை. எங்கள் தோட்டத்தில் நடந்த பாராட்டு விழாவுக்குப் பெயர்ப் பட்டியலை டைப் பண்ணிக் கொடுத்ததும் நான்தான். அதனால் உங்கள் அம்மாவைப் போன்றவர்களின் பெயர் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று எனக்கு நேரில் தெரியும்.

அம்மாவின் கோபம் நியாயமானது. அதை அண்ணி தலையில் இறக்குவது மட்டும்தான் தப்பு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலையோடு நாடு முழுக்க ஊரடங்கு. அட்டன் டவுனில் நாய்கள்தான் நடமாடின. ஆனால் விவசாயத்துக்கும் பெருந்தோட்டத்துக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டு வழக்கம்போல நடந்தது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஏழெட்டு நாளில் திரும்ப அதே மலைக்கு வந்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும், முற்றின கொழுந்தை பெக்டரியில் எடுக்க மாட்டார்கள், அப்புறம் அந்த மலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல வாரம் போகும். ஆகவே தேயிலை நிற்கக் கூடாது என்பதில் எனக்கு வழக்கு இல்லை. 1883இல் தொடங்கி ஆட்கள் கூடி உட்கார்ந்து கேட்டு வந்த கொழும்புத் தேயிலை ஏலத்தை 2020 ஏப்ரலில் முதல்முறையாக இணையத்துக்கு மாற்றினார்கள். சில நாளுக்குள் செய்து முடித்தார்கள், அது பெரிய காரியம்தான், அதைச் செய்தவர்களைப் பாராட்டி எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். அந்த வருடம் முழுக்கச் சேர்த்து நாட்டில் சுமார் 27 கோடி 80 லட்சம் கிலோ தேயிலை உற்பத்தியானது. வருடத் தொடக்கத்து வரட்சியால் வழக்கத்தை விடக் குறைவு. அப்படியும் ஏற்றுமதியில் ஏறக்குறைய 124 கோடி டொலர் வந்தது. சுற்றுலா அடியோடு படுத்த வருடத்தில் அந்த டொலரின் பெறுமதி என்ன என்பதை 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற எல்லோரும் அறிவோம். (இதில் பெரும்பங்கு கொழுந்து தெற்கிலும் மற்ற இடங்களிலும் உள்ள சிறுதோட்டக்காரர்களுடையது. முழுவதையும் மலையகத்துக் கொம்பனித் தோட்டங்களின் கணக்கில் போட மாட்டேன். அந்தச் சிறுதோட்டக்காரர்களையும் யாரும் பாராட்டவில்லை என்பது வேறு கதை.)

மாஸ்க் முதல் மூன்று கிழமையும் எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை. துவாயைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும் என்று உத்தரவு வந்தது, சுண்ணாம்பால் வட்டம் போட்டோம், அளவுநாடாவின் ஒரு முனையை நான்தான் பிடித்தேன். பதினைந்து வட்டத்துக்குத்தான் இடம் இருந்தது. நிறுவைக்கு வருகிறவர்கள் எழுபது பேருக்கு மேல். அந்திமழையில் மூன்றாம் நாளே சுண்ணாம்பு கரைந்து ஓடிவிட்டது, அப்புறம் யாரும் திரும்பப் போடவில்லை. தராசில் அதே கொக்கி, எல்லாக் கையும் பட்ட அதே சாக்கு. கை கழுவ ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சோப்புக்கட்டியும் வைத்தோம், தேயிலைச் சாயம் பிடித்த அத்தனை கைக்கும் அது காலை நிறுவையோடு சரி. மாஸ்க் வந்த பிறகு இன்னொரு பாடு. படங்கு கட்டி, கூடை மாட்டி, ஏறுமலையில் மாஸ்க்கோடு ஏறிப் பாருங்கள், நனைந்த துணி மூக்கோடு ஒட்டிக்கொண்டு மூச்சு விட முடியாது. தாடைக்குக் கீழே இழுத்துவிட்டால் கங்காணி சத்தம் போடுவார், ஏனென்றால் துரை (தோட்ட மனேஜர்) வந்து பார்த்தால் ஏச்சு கங்காணிக்கு. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பினால் ஒரு காம்பராவில் ஐந்தாறு பேர், பொதுப் பைப்பு, பொதுக் கக்கூஸ். சமூக இடைவெளி என்ற சொல்லை அந்த லயத்துச் சுவரில் நோட்டீஸாக ஒட்டினார்கள், எனக்கு அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

இனி ஒரு கணக்கு. இந்தக் கணக்கு தெரியாமல் அம்மாவின் கோபம் புரியாது.

2020 மே மாதம் அரசாங்கம், முதலாளிமார், தொழிற்சங்கம் என்று மூன்று தரப்பும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கொவிட் காரணமாக வேலைக்குக் கூப்பிட முடியாத தனியார்துறை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது 14,500 ரூபாய், இரண்டில் எது கூடவோ அது கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. கொழும்பில் வேலைசெய்த நம் பிள்ளைகளில் சிலருக்கும் அது கைகொடுத்தது. அதே மாதம் தோட்டத்தில் அடிப்படை நாள் சம்பளம் 700 ரூபாய், 2019 கூட்டு ஒப்பந்தத்தின்படி. ஒரு மாதத்தில் 20 பேர், அதாவது 20 நாள் சம்பளம், விழுந்தால் 14,000. விலைப்பங்கு என்று நாளுக்கு 50 ரூபாய் சேர்த்தால் 15,000. அதில் சேமலாப நிதி கழியும், சந்தா கழியும், கோயில் பணம், முற்பணம், அரிசி மா எடுத்திருந்தால் அதுவும் கழியும். வீட்டில் இருக்கச் சொல்லப்பட்டவருக்கு ஆகக் குறைந்தது 14,500. மழையில் நனைந்து, கிலோவை முடித்து, 20 நாளும் மலைக்குப் போனவர் கைக்குக் கொண்டுபோனது அதற்கும் கீழே. வீட்டில் இருந்தவருக்குக் குறைத்திருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்த 14,500 ரூபாயை "மனுசர் ஒரு மாதம் சீவிக்க இதற்குக் கீழே போகக் கூடாது" என்று முடிவு செய்த அதே ஆட்களுக்கு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரின் சம்பளம் அதோடு ஒட்டி நிற்கிறது என்பது எப்படித் தெரியாமல் போனது என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம் 2021. சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு மூன்றாம் அலை. எங்கள் டிவிசனில் ஒரு லயத்தில் ஒரு அக்காவுக்குத் தொற்று, பன்னிரண்டு வீட்டுக்கும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நோட்டீஸ் ஒட்டி 14 நாள் அடைத்தார்கள். அந்த லயத்தில் இருந்த ஒரு தாத்தா, சின்ன வயதில் இந்தியாவுக்குப் போய்த் திரும்பி வந்தவர், "மண்டபம் கேம்ப் மாதிரி இருக்கு" என்றார். அந்தக் காலத்தில் இந்தியாவில் நம் ஆட்களை இங்கே கப்பலேற்றுவதற்கு முன் நோய் இருக்கிறதா என்று அடைத்து வைத்துப் பார்த்த இடம் அது, அவருக்கு அந்த ஞாபகம்தான் வந்திருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பன்னிரண்டு வீட்டில் என் செக்ரோலில் இருந்தவர்கள் 19 பேர். 14 நாளில் வேலை நாள் 12. ஆக 228 கட்டம். அவற்றில் என்ன எழுதுவது என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டேன். "இன்ஸ்ட்ரக்சன் ஒன்றும் இல்லை, சும்மா விடு" என்றார். விட்டேன். உடம்புக்கு முடியாமல் நின்றவர், கல்யாண வீட்டுக்குப் போனவர், அரசாங்கம் அடைத்து வைத்தவர், எல்லோருக்கும் ஒரே வெற்றுக் கட்டம். அரசாங்கத்தின் 10,000 ரூபாய் நிவாரணப் பொதி, அரிசி பருப்பு சீனி டின்மீன், ஒன்பதாம் நாள்தான் லயத்துக்கு வந்து சேர்ந்தது. அப்போது நாள் சம்பளம் ஆயிரம் ஆகியிருந்தது. புருசனும் பெண்சாதியும் வேலை செய்கிற வீட்டில் 12 நாளுக்கு 24,000 ரூபாய் போயிற்று, கிடைத்தது ஒரு பொதி.

அதற்கு அடுத்த மாதம் எனக்கும் தொற்று வந்தது. நானும் 14 நாள் அடைபட்டேன். நான் மாதச் சம்பளக்காரன், ஒரு சதம் குறையவில்லை. அந்த மாதச் சம்பளத்தை எண்ணி வாங்கியபோது 228 கட்டமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அதற்காக நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுதினால் நேர்மையாக இருக்காது.

இப்போது அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். நிலைமை அடங்கியபோது விழா வைப்பது என்று முடிவானது. "கொவிட் கடமையில் ஈடுபட்ட உத்தியோகத்தர்கள்" என்று ஒரு வரியில் உத்தரவு. நான் டைப் பண்ணியது 11 பெயர். மருந்துக்காம்பரா ஐயா, குடும்பநல உத்தியோகத்தர், நலன்புரி உத்தியோகத்தர், டீமேக்கர், பெரிய கிளாக்கர், ஐந்து வெளிக்கள உத்தியோகத்தர்கள், பதினோராவது நான். முதல் இரண்டு பேரும் அந்தச் சான்றிதழுக்கு முழுத் தகுதி உள்ளவர்கள், அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்து மருந்துக்காம்பராவுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் ஒழுங்காகப் பொருள் வராது, சுகாதார அமைச்சைக் கேட்டால் கொம்பனியைக் காட்டுவார்கள், கொம்பனியைக் கேட்டால் அமைச்சை, அதற்கு நடுவில் நின்று வேலை பார்த்தார்கள். ஆனால் தொற்று வந்தவர்களை இரவு பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் சிகிச்சை நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போன லொறி டிரைவர் பெயர் அதில் இல்லை. நான் சேர்க்கத்தான் பார்த்தேன், "அவர் தொழிலாளி லிஸ்டில் வருகிறார், இது ஸ்டாப்புக்கு" என்று பதில் வந்தது.

இன்னொருவர் பிள்ளைக் காம்பராவை (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம்) பார்த்துக்கொண்ட அக்கா. ஊரடங்கில் பிள்ளைக் காம்பராவை மூடியதும் அவருக்கு வேலை இல்லாமல் போனது. மாஸ்க் வராத அந்த மூன்று கிழமையில், தோட்டத்தில் இருந்து ஒரு கட்டு வெள்ளைத் துணியைக் கொடுத்து உன்னிடம் மெசின் இருக்கிறதுதானே, தைத்துக் கொடு என்றார்கள். லயத்து வாசலில் மெசினைப் போட்டுக்கொண்டு நானூறுக்கு மேல் தைத்தார். இலாஸ்டிக் கிடைக்கவில்லை, துணியையே நாடாவாகக் கிழித்து, ஒவ்வொரு மாஸ்க்குக்கும் நாலு நாடா, கை கொப்பளித்துப் போயிருந்தது. டிவிசன் முழுக்க முதலில் போட்ட மாஸ்க் அவர் தைத்ததுதான். விழா அன்றைக்கு அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒருநாள் கடைக்குப் போகும் வழியில் கண்டு பேசினேன், சான்றிதழ் கொடுக்காதது கோபமா அக்கா என்று கேட்டேன். "அதை வச்சி நான் என்ன தம்பி செய்யப் போறேன், நூல் என் காசு, நூல் காசு எவ்வளவுன்னாவது ஒரு ஆள் கேட்டிருக்கலாம்" என்றார்.

இதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். பட்டியல் டைப் பண்ணிய அதே மேசையில், என் இடது கைப்பக்கம், செக்ரோல் இருந்தது. யார் எந்த நாள் வந்தார், மழையில் எத்தனை கிலோ எடுத்தார், யார் எத்தனை இரவு லொறி ஓட்டினார் என்று நாள் தவறாமல் எழுதப்பட்ட புத்தகம். தொற்றுக்காலத்தில் உழைத்தவர் யார் என்று தெரிந்துகொள்ள அதைத் திறந்து பார்த்தால் போதும், ஒரு மணி நேர வேலை. யாரும் திறக்கச் சொல்லவில்லை, எனக்கும் திறக்கத் தோன்றவில்லை, பதவிப் பெயரைப் பார்த்து எழுதினோம். அம்மாவின் பெயர் விட்டுப்போன இடம் இதுதான் தம்பி. அவர் வந்தார் என்பதற்குச் சாட்சி இருந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

பதவியைப் பார்த்துக் கொடுக்கிற இந்தப் பழக்கம் தோட்டத்தோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆஸ்பத்திரி ஆட்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தால் அது முழுக்கச் சரியில்லை. 2021 ஜனவரி 29ஆம் திகதி தடுப்பூசி தொடங்கியபோது சுகாதாரத் துறைக்கு முதலில் போட்டார்கள், முப்படை, பொலிஸ் என்று அடுத்தடுத்துப் போனது. அது சரியான வரிசை. அடுத்த சில நாளிலேயே, பெப்ரவரித் தொடக்கத்தில், ராகம வைத்தியசாலையில் வேலை பார்த்த ஒரு இளம் வைத்தியர் கொவிட்டால் இறந்துபோனார், அவர்களுடைய ஆபத்து கதை இல்லை. ஆனால் 2021 மே மாதம் வைத்தியர்களின் வீட்டாருக்கு ஊசியில் முன்னுரிமை என்று வந்தவுடன் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பற்றிக்கொண்டது. தாதிமாரும் மற்ற ஊழியர்களும் கேட்டார்கள்: நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறது நாங்கள், வார்டைக் கழுவுகிறது நாங்கள், எங்கள் பிள்ளைக்கு மட்டும் தொற்றாதா என்று. அதற்கு முந்தின வருடம், 2020 ஜூலையில், பி.எச்.ஐ.மார் தங்கள் அதிகாரத்தைச் சட்டத்தில் எழுதித் தரும்படி கேட்டுக் கொவிட் வேலையை நிறுத்தி வைத்தார்கள். நோட்டீஸ் ஒட்டப் போன இடமெல்லாம் திட்டு வாங்கினவர்கள் அவர்கள். நோய் அடங்கிய பிறகும் தீரவில்லை. 2024 ஜனவரியில் வைத்தியர்களின் மாதாந்தக் கொடுப்பனவை 35,000இலிருந்து 70,000 ஆக்கியதும் மற்ற சுகாதாரத் தொழிற்சங்கங்கள் எங்களுக்கும் என்று வேலைநிறுத்தத்தில் இறங்கின. அது கொவிட் கொடுப்பனவு இல்லை, ஆட்கள் நாட்டை விட்டுப் போவதைத் தடுக்கக் கொடுத்தது, ஆனாலும் தெருவில் நின்றவர்கள் பேசிய பேச்சில் கொவிட் வார்டு வந்துகொண்டேதான் இருந்தது.

என்னுடைய அபிப்பிராயத்தைக் கேட்டால், ஊசி, சம்பளத்தோடு லீவு, பாதுகாப்பு உடுப்பு இந்த மூன்றையும் பதவியைப் பார்த்துக் கொடுக்கவே கூடாது. யார் கிட்டப் போகிறார், யாரால் வீட்டில் இருக்க முடியாது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வார்டில் மாப் பிடிக்கிறவரும், பிரதேச சபைக் குப்பை வண்டியில் போகிறவரும், மடுவத்தில் நெருக்கி நின்றவரும் மேலே வந்திருப்பார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது "அத்தியாவசியம்" என்று மலைக்கு அனுப்பப்பட்டவர்கள், 2021இல் ஊசி வரிசை போட்டபோது அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. எங்கள் தோட்டத்தில் பாடசாலை மண்டபத்தில் ஊசி போட ஆட்கள் வந்தபோது ஜூலை ஆகிவிட்டது.

ஆயிரம் ரூபாயைப் பற்றியும் கேட்பீர்கள். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலமாக 900 ரூபாயும் வரவுசெலவுத் திட்டப்படி 100 ரூபாயும் என்று வர்த்தமானியில் வந்தது. வெளியே இருந்து பார்த்தவர்கள் கொவிட் நேரத்திலும் தோட்டத்துக்குச் சம்பளம் கூடியது என்று நினைத்தார்கள். அது பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த சம்பளம், கொம்பனிகள் நீதிமன்றத்துக்கும் போனார்கள். எங்கள் தோட்டத்தில் ஆயிரம் வந்த கையோடு ஒரு நாளுக்கு எடுக்க வேண்டிய கொழுந்து 16 கிலோவில் இருந்து 18 கிலோ ஆனது, அதை எடுக்க முடியாதவருக்கு அரைப் பேர். ஆகவே அந்தக் காலத்தில் முழு ஆயிரம் எத்தனை நாள் விழுந்தது என்பது ஆளுக்கு ஆள் வேறு. இதைக் கொவிட் சலுகை என்று யாராவது சொன்னால் அம்மா கோபப்படட்டும், நானும் சேர்ந்து கோபப்படுகிறேன்.

சரி, அண்ணி. பாடசாலையை 2020 மார்ச் நடுப்பகுதியில் மூடினார்கள், சம்பளம் வந்தது, உண்மை. ஆனால் வீட்டில் சும்மா இருந்தார் என்பதை நான் ஏற்க மாட்டேன். எங்கள் தோட்டத்துப் பாடசாலை டீச்சர் ஒருவர் வாரம் இரண்டு நாள் போட்டோக்கொப்பி எடுத்த பாடத்தாளைப் பையில் போட்டுக்கொண்டு லயம் லயமாக வந்தார். வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினால் வகுப்பில் பாதிப் பிள்ளைகளிடம் போன் இல்லை, போன் இருந்த பிள்ளைக்கும் சிக்னல் பிடிக்க மேட்டு மலைக்கு ஏற வேண்டும், ஒரே போனில் மூன்று பிள்ளைகள். டேட்டா காசு டீச்சருடைய கைக்காசு, போட்டோக்கொப்பிக் காசும் அப்படித்தான். 2021 ஜூலை 12ஆம் திகதி ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியபோது பின்னால் இருந்தது 24 வருடச் சம்பள முரண்பாடு. அந்த நேரம் அண்ணியும் எத்தனை பேரிடம் "வீட்டில் இருந்து சம்பளம் எடுத்துக்கொண்டு வேலைநிறுத்தமும் செய்கிறீர்களா" என்று கேட்டிருப்பார் தெரியுமா? வெளியில் கேட்ட அதே பேச்சை வீட்டில் மாமியார் வாயிலும் கேட்டால் கோப்பையை வைத்துவிட்டு எழும்பத்தான் செய்வார்.

இன்னொன்று, நம் தோட்டங்களில் ஒரு டீச்சர் உருவாவது சும்மா இல்லை. பெரும்பாலும் ஒரு அம்மாவின் கொழுந்துக் கூடை அதற்குப் பின்னால் இருக்கும். அண்ணியின் அம்மாவும் மலைக்குப் போனவராக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அப்படியானால் உங்கள் அம்மா சொல்லிக் காட்டுகிற ஒவ்வொரு முறையும் அண்ணிக்குத் தன் அம்மாவின் ஞாபகமும் சேர்ந்து வரும்.

அண்ணியின் சம்பளத்தைக் குறைத்து யாரும் அம்மாவுக்குக் கொடுத்திருக்கப் போவதில்லை. அம்மாவுக்குக் கொடுக்காதவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் இருக்கிற இடம் வீட்டுக்குள்ளே இல்லை, எட்டாத இடம். வீட்டில் எட்டுகிற ஆள் அண்ணி. நானும் விழாவுக்குப் பிறகு சில மாதம் லொறி டிரைவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் நடந்தேன், அவர் என்னிடம்தான் கோபித்தார், உத்தரவு போட்டவரை அவர் கண்டதே இல்லை.

யார் பக்கம் பேசுவது என்று கேட்டீர்கள். பக்கம் பார்க்க வேண்டாம், ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவிடம் சம்பளத் துண்டுகள் இருக்கும், நம் அம்மாமார் அதைத் தூக்கி எறிய மாட்டார்கள், சாமிப் படத்துக்குப் பின்னாலோ பிஸ்கட் டின்னுக்குள்ளோ கட்டி வைத்திருப்பார்கள். 2020 மார்ச்சில் இருந்து 2021 கடைசி வரைக்கும் உள்ளதை எடுத்து, மாதத்துக்கு எத்தனை பேர் என்று கூட்டுங்கள். எல்லோரும் இருக்கும்போது, அண்ணியையும் வைத்துக்கொண்டு, சத்தமாக வாசியுங்கள். எங்கள் தோட்டத்து அக்கா ஒருவருக்கு நான் இப்படிக் கூட்டிக் கொடுத்தேன், கிட்டத்தட்ட 400 நாள் வந்தது. அவர் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அந்தத் துண்டுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அம்மா பெயர் எடுக்கிற (வேலையில் இருந்து ஓய்வு பெறுகிற) வயதை நெருங்கியிருந்தால் இப்போதே பாருங்கள். சேமலாப நிதிக்கு அம்மாவிடம் 8 வீதம் கழித்திருப்பார்கள், தோட்டம் 12 வீதம் போட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு வருடத்து மாதங்கள் எல்லாம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று அடையாள அட்டையைக் கொண்டுபோய் விசாரிக்கலாம். பணிக்கொடை 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக எடுத்த சம்பள வீதத்தில், வேலையில் இருந்து நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தனிமைப்படுத்தலில் அடைபட்ட நாட்களைக் காட்டி சேவை முறிந்தது என்றோ, 2020ஐயோ 2021ஐயோ விட்டுவிட்டோ கணக்குப் போட்டால் கையெழுத்து வைக்க வேண்டாம், துண்டுகளோடு கிட்ட இருக்கிற தொழில் காரியாலயத்துக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். போகும்போது அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். படிவம் சிங்களத்தில் நீட்டினாலும் நீட்டுவார்கள், டீச்சர் பக்கத்தில் இருந்தால் அம்மாவுக்கு லேசு.